அந்தத் தாயின் மன்றாட்டு பாவமா?



சென்ற மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றபோது, கற்பிட்டிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமமொன்றைச் சேர்ந்த தாயொருவர் என்னிடம் வந்தார். (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தக் குருவும் எழுதமாட்டார். இது முற்றத்தில் கேட்டது. எழுதவும் அவர் சம்மதித்தார்.) மகனுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பத்தொன்பதாவது வயதில் மனச்சிதைவு நோய் கண்டவன். "சுவாமி, இவன் எனக்கு முந்திப் போகவேணும் எண்டு ஒவ்வொரு நாளும் மன்றாடுறன். இது சாவான பாவமோ?" என்று கேட்டார். அழவில்லை. அழுகை வற்றி நெடுநாளாகியிருக்க வேண்டும்.

என் வாயில் வந்தது பழக்கமான வாக்கியந்தான்: "அம்மா, இது ஆண்டவர் தந்த சிலுவை, பொறுமையாய்ச் சுமந்துகொள்ளுங்கள்." பதினைந்து வருடத்துக்கு மேலாக எத்தனையோ பேருக்குச் சொன்ன வாக்கியம். அன்று அது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஒரு பாவம் சாவான பாவமாவதற்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பிலேயே படித்திருக்கிறோம். இரவில் எழுந்து கடலை நோக்கி நடந்துவிடும் மகனைத் தடுப்பதற்காக, வாசலுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுப்பவர் இவர். சோழகக் காற்றுத் தொடங்கினால் கணவர் கிழக்குக் கரைக்கு வாடிக்குப் போய்விடுவார். பிறகு வீட்டில் தாயும் மகனுந்தான். வருடக்கணக்காக ஒரு முழு இரவு தூங்காத மனதில் முழுச் சம்மதத்தை எங்கே தேடுவது? அவருடைய மன்றாட்டைச் சற்று உற்றுப் பாருங்கள். அதில் வெறுப்பு இல்லை. "எனக்குப் பிறகு இவனுக்கு ஆர் சோறு போடுவினம்?" என்ற பயமே செபத்தின் உருவில் வந்திருக்கிறது. பாவமில்லை என்று சொன்னேன்.

ஆனால் அத்தோடு விட்டிருந்தால் அரை வேலைதான் செய்திருப்பேன். ஏனென்றால் அந்த வீட்டில் நோயாளிகள் இருவர். தூக்கம் கெட்டு, பசி போய், எதிலும் பிடிப்பின்றி, "நான் இருந்தென்ன" என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் நீடிக்குமானால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்கிறார்கள் வைத்தியர்கள். விசுவாசக் குறைவு அல்ல, நோய். மருந்தாலும் ஆலோசனையாலும் குணப்படுத்தக்கூடியது. மனநோயாளரைப் பராமரிக்கும் வீட்டாரிடம் இது மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. வியப்பென்ன? கெட்டிக்காரனாய் இருந்த பிள்ளையை அவர் இழந்துவிட்டார். ஆனால் பிள்ளை கண்முன்னே உட்கார்ந்திருக்கிறான். அந்தத் துக்கத்துக்கு முப்பத்தொராம் நாளும் இல்லை, விசாரிக்க வருவோரும் இல்லை.

வருவோர் பழியைத்தான் கொண்டுவருகிறார்கள். செய்வினை என்பார்கள், வளர்ப்புப் பிழை என்பார்கள். ஊரை மட்டும் குறைசொல்வானேன்? 1948இல் பிரீடா புரோம்-ரைக்மான் என்ற பேர்பெற்ற மனநோய் வைத்தியர், தாயின் நடத்தையே பிள்ளைக்கு இந்நோயை வருவிக்கிறது என்ற கருத்துக்குப் பெயரே சூட்டினார். பல வருடம் வைத்தியர்கள் அதை நம்பினார்கள். பின்பு ஆதாரமில்லையென்று கைவிட்டார்கள். இடையில் குற்றவாளிக் கூண்டில் நின்ற தாய்மாரிடம் யார் மன்னிப்புக் கேட்டார்கள்?

குருமடத்தில் புனித தோமஸ் அக்குவினாஸைப் படித்தபோது ஓரிடத்தில் நாங்கள் சிரித்ததுண்டு. துயரத்துக்கு மருந்து கூறுமிடத்தில், அழுகை, நண்பர்களின் பரிவு, உண்மையைத் தியானித்தல் என்பவற்றோடு, தூக்கத்தையும் குளிப்பையும் அவர் சேர்த்திருக்கிறார்! இவ்வளவு பெரிய வேதசாஸ்திரிக்கு இதுவா கிடைத்தது என்று நினைத்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை. அந்தத் தாய் கிணற்றடியில் ஆறுதலாக நின்று தலைமுழுகி எத்தனை மாதமோ! மகனைத் தனியே விட்டு அவ்வளவு நேரம் நிற்க முடியாது. பிறரை நேசிப்பதற்கு அளவாக ஆண்டவர் வைத்தது "உன்னைப்போல" என்பதையல்லவா? தன்னை அழித்துக்கொள்வதை அவர் அளவாக வைக்கவில்லை.

தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் பெற்றோரை நீங்களும் கண்டிருப்பீர்கள். விலகி வழிவிடுகிறோம், ஒரு மெழுகுதிரியும் ஏற்றுகிறோம், வீட்டுக்குப் போய்விடுகிறோம். பெல்ஜியம் நாட்டில் கீல் என்றோர் ஊர். மனநோயாளரின் பாதுகாவலியான புனித டிம்ப்னாவின் கோயிலுக்கு யாத்திரையாக வந்த நோயாளரை, மத்திய காலத்திலிருந்தே அவ்வூரார் தங்கள் வீடுகளில் வைத்துப் பார்த்து வந்திருக்கிறார்கள். 1930களின் இறுதியில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே வீடுகளில் வாழ்ந்தார்கள். அவர்கள் நம்மைவிடப் பெரிய புனிதர்கள் என்று நான் நம்பவில்லை. ஒரு வீட்டின் பாரத்தை ஊர் பங்குபோட்டது, அவ்வளவுதான். அவ்வளவு தூரம் போக உங்களைக் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு பிற்பகல் கேட்கிறேன். ஆண்டவரின் சிலுவைக்கே தோள்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. சீமோன் தானாக வரவில்லை, பிடித்து வற்புறுத்தினார்கள். ஆகவே நானும் வற்புறுத்துகிறேன்.

உங்களில் யாராவது அந்தத் தாயின் நிலையில் இருந்தால் வெட்கப்படாமல் ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குப் போங்கள். மகனுக்காக மட்டுமல்ல, உங்களுக்காகவும். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தோடு 1926 என்ற இலக்கத்தில் பேசலாம்.

அந்தக் கிராமத்தில் இரண்டு பெண்கள் முன்வந்தார்கள். புதனும் சனியும் பகல் சாப்பாட்டுக்குப் பின் மகனோடு திண்ணையில் வலை பொத்திக்கொண்டு இருக்கிறார்கள்; அவனுக்கும் வலை பொத்தத் தெரியும் என்பது அப்போதுதான் ஊருக்கு நினைவு வந்தது. முதல் புதன் தாய் குளித்துவிட்டுப் படுத்தவர், பொழுதுபட்டுத்தான் எழும்பினாராம். கிளினிக்கில் அவருக்கும் மருந்து கொடுத்திருக்கிறார்கள். பழைய மன்றாட்டை நிறுத்திவிட்டாரா என்று நான் கேட்கவில்லை.