படம் இல்லாதவர்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் சிறப்பு மலர் ஒன்று போடுகிறது. அதில் ‘ஊரின் பெரியோர்’ என்று சில பக்கங்கள். ஆளுக்கொரு சதுரப் பெட்டி, பெட்டிக்குள் படம், கீழே பெயர், ஊருக்குச் செய்தது இரண்டு வரி. பாம்புக்கடிக்கு மருந்து செய்த விசகடிப் பரியாரியாரின் பெயர் வந்தபோது, பக்கம் கட்டும் பொடியன் கணினியில் இருந்து தலையைத் தூக்கினான். “படம் இல்லாட்டி என்னெண்டு ஐயா போடுறது? பெட்டி வெறுமையா நிக்குமே.” அவன் கெட்ட பிள்ளை அல்ல. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அந்த இடத்துக்கு அடுத்தவரின் படம் ஏறிவிட்டது.

கடவுச்சீட்டுப் படத்தளவு பெட்டி. சுற்றிவரக் கறுப்புக் கோடு. படுத்தால் அதுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

பரியாரியாருக்குப் படமே இருந்ததில்லை என்றில்லை. மகளின் வீட்டுச் சாமித்தட்டில் ஒன்று இருந்தது. “மாத்தளன் மட்டும் கொண்டு போனனாங்கள் தம்பி. அதுக்கங்கால உயிரை மட்டுந்தான் கொண்டு போனது” என்றா அந்த அம்மா. 2009 இல் போருக்குள் அகப்பட்ட வன்னியில் எத்தனையோ வீடுகளின் கதை இதுதான். பிறகு மலரின் மற்றப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதிபரின் படம் லண்டனில் இருந்து வந்தது. கடைக்காரரின் படம் ரொறன்ரோவில் இருந்து வந்தது. வெளிநாட்டில் பிள்ளை இருந்தவர்களின் முகம் தப்பியிருக்கிறது. ஊரின் பெரியோர் யார் என்பதை ஊர் தீர்மானிக்கவில்லை, தபாலில் போன படங்கள் தீர்மானித்திருக்கின்றன. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனுக்கு என்ன படம் இருந்தது? 1803 ஓகஸ்ட்டில் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன் அவன். அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கப்டன் வொன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்ததாகக் கற்சிலைமடுவில் ஒரு நினைவுக்கல் நாட்டினார்கள். வென்ற தரப்பின் கல்தான், ஆனாலும் தோற்றவன் அங்கே நின்றான் என்பதற்கு அதுவே சாட்சி. வவுனியாவில் உள்ள சிலையின் முகம் சிற்பியின் மனதில் உதித்த முகம். அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. அப்படியென்றால் பரியாரியாரையும் ஒரு ஓவியரைக் கொண்டு கீறுவித்துப் பெட்டிக்குள் வைக்கலாமே என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். ஆனால் பண்டாரவன்னியனைக் கண்டவர் இன்று எவருமில்லை, பரியாரியாரைக் கண்டவர்கள் இருக்கிறோம். கீறிய படத்தைப் பார்த்து அந்த மகள் “இது அப்பா இல்லை” என்று சொன்னால் அதற்கு மறுமொழி என்னிடம் இல்லை.

படம் இல்லாவிட்டால் வாழ்ந்த வீட்டையாவது அடையாளம் வைக்கலாமா? இங்கிலாந்தில் பெயர்பெற்றவர்கள் வாழ்ந்த வீட்டுச் சுவரில் பலகை பதிப்பார்கள். லண்டனில் முதற் பலகை 1867 இல் கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் பதிக்கப்பட்டது. 1889 இல் அந்த வீட்டையே இடித்துவிட்டார்கள். வீடு நிற்கும் என்று நம்பித்தான் பலகை பதிக்கிறோம். எங்கள் ஊரில் அந்த நம்பிக்கைக்கும் வழியில்லை.

அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யைப் பள்ளிக்கூட நாட்களில் வாசித்தேன். 1973 இல் வந்த நாவல். கதை பாதி மறந்துபோயிற்று. தண்ணிமுறிப்பு என்ற ஊரும், காடும், பதஞ்சலி என்ற பெண்ணும் மட்டும் அப்படியே நிற்கிறார்கள். 1984 இறுதியில் தண்ணிமுறிப்புச் சனங்கள் எழுப்பப்பட்டுச் சிதறினார்கள். அங்கே உண்மையாக வயல் செய்தவர்களில் ஒருவரின் பெயரும் எனக்குத் தெரியாது. எழுத்தில் பிறந்த பதஞ்சலியை இன்று கண்டாலும் அடையாளம் சொல்வேன். அப்படியானால் முகம் தருவது படம் அல்ல, யாராவது ஒருவர் ஆற அமர இருந்து சொல்வதுதானோ?

சொல்கிறேன். நான் சின்னப்பிள்ளை. அயல்வீட்டு அண்ணரை வயலில் பாம்பு தீண்டி, மாட்டு வண்டிலில் கொண்டுவந்தார்கள். பரியாரியார் முதலில் அண்ணரைப் பார்க்கவில்லை, சொல்ல வந்தவன் எந்தக் காலை முன்வைத்து நிற்கிறான் என்று பார்த்தார். தூது வந்தவன் நிற்கும் நிலையை வைத்துக் கணிக்கும் தூதுக்குறி அது. பிறகு அண்ணரின் வாயில் மிளகு வைத்தார். விசம் ஏறியிருந்தால் மிளகு உறைக்காது என்பது அவருடைய கணக்கு. “உறைக்குதோ?” இல்லையென்று தலையாட்டினார் அண்ணர். பரியாரியார் ஒன்றும் பேசாமல் வேலிப் பக்கம் போனார். விடியப்புறம் அதே கேள்வி. “உறைக்குது” என்று அண்ணர் அழுதார். சுற்றி நின்ற எல்லோரும் அழுதோம். இன்று பாம்பு கடித்தால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும், அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில் பரியாரியாரின் முற்றந்தான் இருந்தது.

காசு வாங்கினால் மருந்து பலிக்காது என்பது அவருடைய உறுதி. பிழைத்தவர்கள் நெல்லோடு வந்தாலும் திருப்பி அனுப்புவார். அப்படிப்பட்டவருக்கு மலரில் இடம் கொடுப்பதும் ஒருவகைக் கூலிதானோ? “என்ரை பேரை விடு” என்றே அவர் சொல்லியிருக்கவும் கூடும். ஆனால் அவர் அப்படிச் சொல்லியிருப்பார் என்று எண்ணிக்கொள்வது எங்களுக்கு வசதியாக இருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. படம் இல்லாமலே பெயரைப் போடுங்கள் என்று சொல்லத்தான் மனம் வருகிறது. அது அவருக்குச் செய்யும் மரியாதையா, எங்கள் மனஆறுதலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.