ஆட்சியும் ஆவணமும்: நருமதைப் பள்ளத்தாக்குப் பழங்குடியினரின் நிலவுரிமை – ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

ஒரு நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மக்களுக்கு அந்நிலத்தின்மீது உரிமை எதனால் உண்டாகிறது? முதலில் வந்ததாலா, நெடுங்காலம் இருந்ததாலா, அரசு எழுதிக்கொடுத்த ஆவணத்தாலா? நருமதைப் பள்ளத்தாக்கில் அணைகள் எழுந்த காலத்தில் இவ்வினா பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வைத் தீர்மானித்தது. பள்ளத்தாக்குப் பழங்குடியினரின் வரலாற்றை முன்வைத்து இவ்வினாவின் அறவியல் அடிப்படையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பள்ளத்தாக்கும் மக்களும்

அமரகண்டகத்தில் தோன்றும் நருமதை, விந்திய, சாத்பூரா மலைத்தொடர்களுக்கிடையே மேற்கு நோக்கி ஏறத்தாழ 1,312 கி.மீ. ஓடிக் காம்பே வளைகுடாவில் கலக்கிறது. ஆற்றின் மேற்பகுதியில் கோண்டு, பைகா மக்களும், நடுப்பகுதியில் கொர்க்கு மக்களும், கீழ்ப்பகுதி மலைகளில் பில், பிலாலா, பாவ்ரா, தட்வி மக்களும் வாழ்கின்றனர். சோளமும் மக்காச்சோளமும் பருப்பு வகைகளும் விளைவித்தல், இலுப்பைப் பூவும் வன விளைபொருளும் சேகரித்தல், மீன்பிடித்தல் ஆகியவை இம்மலைமக்களின் வாழ்க்கைமுறை. மலைச்சரிவில் வனத்தைத் திருத்தி உண்டாக்கும் விளைநிலத்தை அலிராஜ்பூர்ப் பகுதியில் 'நேவாட்' என்பர். இந்தல் விழாவில் இரவு முழுதும் பாடப்பெறும் 'காயணா' என்னும் கதைப்பாடல் உலகின் தோற்றத்தையும் நருமதையின் பயணத்தையும் விரித்துரைக்கிறது. இவர்களது வரலாறு ஏட்டில் இல்லை. பாட்டிலும் நினைவுக்கற்களிலும் உழுத நிலத்திலும் உள்ளது.

தொன்மை வாதத்தின் எல்லை

இப்பள்ளத்தாக்கில் மனித வாழ்வு மிகத் தொன்மையானது. 1982இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த அருண் சோனாக்கியா, ஹத்னோரா என்னும் ஊரருகே தொல்மாந்த மண்டையோட்டின் பகுதியைக் கண்டெடுத்தார். இத்தகைய சான்றுகளைக் கொண்டு இன்றைய பழங்குடியினரே இம்மண்ணின் முதல் மக்கள் என நிறுவ முற்படுவோர் உளர். ஆயின் அப்புதைபடிவத்திற்கும் இன்றைய பில் மக்களுக்கும் இடையே மரபுத் தொடர்ச்சியைக் காட்ட இயலாது. பிலாலாக்கள் தம்மை இராசபுத்திரர், பில் ஆகிய இரு மரபினரின் வழித்தோன்றல்கள் எனக் கூறிக்கொள்கின்றனர். மக்கள் பெயர்ந்தும் கலந்தும் வந்ததே பள்ளத்தாக்கின் வரலாறு.

எனவே உரிமையை 'முதன்மை' என்னும் கருத்தின்மேல் நிறுத்துவது பொருந்தாது. அவ்வாறு நிறுத்தினால், முதன்மையை ஐயுறும் ஒவ்வோர் ஆய்வும் உரிமையையே ஐயுறுவதாகிவிடும். நான்கு தலைமுறைக்கு முன் காடு திருத்திய குடும்பத்தின் உரிமை, நாற்பது தலைமுறை வாழ்ந்த குடும்பத்தின் உரிமையினும் தாழ்ந்ததன்று. நிலத்தோடு உழைப்பாலும் வாழ்வாலும் கொண்ட இடையறாத தொடர்பே உரிமையின் அடிப்படை. தொன்மை அத்தொடர்புக்குச் சான்று. தொன்மையே உரிமைக்குக் காரணம் ஆகாது.

மூவகைச் சான்றுகள்

தமிழ் மரபில் உரிமையை நிறுவ ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூவகைச் சான்றுகள் கூறப்படுகின்றன. பெரியபுராணத்தில், திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் வழக்கிட்ட முதியவரிடம் இம்மூன்றனுள் ஒன்றைக் காட்டுமாறு கேட்கின்றனர். ஆவணம் ஒன்றே சான்று என அவ்வவை கருதவில்லை. நெடுநாள் வழக்கமும் அறிந்தோர் சொல்லும் ஆவணத்திற்கு இணையாக வைக்கப்பட்டன என்பது கருதத்தக்கது.

1878, 1927ஆம் ஆண்டுகளின் இந்திய வனச்சட்டங்கள் காடுகளைப் பெருமளவில் அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தன. சமஸ்தானமாயிருந்த அலிராஜ்பூரும் விடுதலைக்குப்பின் இவ்வமைப்பினுள் வந்தது. மூவகைச் சான்றுகளுள் ஆவணம் மட்டுமே எஞ்சியது. நேவாட் உழுதவர் தம் நிலத்திலேயே 'ஆக்கிரமிப்பாளர்' ஆயினர்.

இதன் விளைவு அணைத் திட்டத்தில் வெளிப்பட்டது. 1969இல் அமைக்கப்பட்ட நருமதை நீர்த்தகராறு நடுவர் மன்றம் 1979இல் தீர்ப்பளித்தது. நிலத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் இழக்கும் குடும்பத்துக்குக் குறைந்தது 2 எக்டேர் பாசன நிலம் தரப்படவேண்டும் என அத்தீர்ப்பு பணித்தது. நிலத்துக்கு நிலம் என்னும் அந்நெறி போற்றத்தக்கதே. ஆயினும் பட்டா இல்லாதவர் எதையும் இழப்பவராகவே கணக்கில் வரவில்லை. 1987இல் குசராத்து அரசு அத்தகையோருக்கும் நிலம் வழங்க முன்வந்தது. பிற இரு மாநிலங்களின் கொள்கை அத்துணை விரிவானதன்று. ஒரே ஆற்றின் ஒரே நீரில் மூழ்கிய இருவேறு வயல்களுக்கு இருவேறு நீதி கிடைத்தது.

பொதுநன்மை என்னும் வாதம்

வறண்ட கச்சு, சௌராட்டிரப் பகுதிகளின் நீர்த்தேவை பொய்யன்று. பலரின் தாகம் தீரச் சிலர் இடம்பெயர்தல் தகும் என்பது எளிதில் ஒதுக்கத்தக்க வாதமும் அன்று. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 18இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அணைப்பணி தொடர இசைந்தது. நீதிபதி பரூச்சா மாறுபட்டார். பழங்குடியினரின் இடப்பெயர்வு தன்னளவில் அடிப்படை உரிமை மீறல் ஆகாது என்பது பெரும்பான்மையின் கருத்து.

பொதுநன்மை என்னும் சொல்லில் 'பொது' என்பது எவரையெவரை உள்ளடக்கியது என்பதே அறவினா. நன்மை பெறுவோர் ஒரு சாராராகவும் இழப்போர் வேறொரு சாராராகவும் நிலைத்துவிடின், அது பொதுநன்மை ஆகாது. மேலும், நிலத்தை விலைப்பொருளாக மட்டும் காண்போர்க்கு ஈடு எளிது. ஆற்றைக் கடவுளாகவும் நீர்வழியாகவும் உணவாகவும் கொண்டவர்க்கு, தொலைவில் தரப்படும் 2 எக்டேர் நிலம் ஈட்டின் ஒரு பகுதியே. 2017இல் அணை நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது. 2019இல் நீர்மட்டம் முதன்முறையாக 138.68 மீட்டர் என்னும் முழு அளவை எட்டியபோதும் மறுவாழ்வு குறித்த முறையீடுகள் ஓயவில்லை.

முடிவுரை

2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம், வனவாழ் மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதைத் தன் முகப்புரையிலேயே ஒப்புக்கொண்டது. அதன் விதிகள் வரப்பு, கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் ஆகியவற்றையும் முதியோரின் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கின்றன. கைவிடப்பட்ட ஆட்சியும் காட்சியும் ஆவணத்தின் அருகே மீண்டும் இடம்பெற்றுள்ளன எனலாம். ஆயின் நீரில் மூழ்கிய வரப்பையும் இடுகாட்டையும் எவரும் சென்று காட்ட இயலாது. ஆகவே சான்றுகளைக் கேட்டறியும் கடமை நிலத்தைக் கொள்வதற்கு முன்னரே நிறைவேற்றப்படவேண்டும். எழுத்தில்லாத மக்களிடம் எழுத்தை மட்டுமே சான்றாகக் கேட்பது, தீர்ப்பை முன்னரே எழுதிவைத்துக்கொண்டு வழக்கை விசாரிப்பதற்கு ஒப்பாகும்.