வேலையிழந்தார்க்கு அருள் யாது?

ஹட்டனையடுத்த தோட்டமொன்றில் வேலையிழந்த தந்தையொருவர்க்கு, "எல்லாம் அவன் செயல்" என ஒருகால் ஆறுதல் கூறினேன். "ஐயா, பிள்ளை வெறுந்தேநீர் குடித்துப் பள்ளிக்கு வந்திருக்கிறான்" என்றார். நாணினேன்.

மலைநாட்டிற்கு இவ்விடர் புதிதன்று. 1929ஆம் ஆண்டிலே தொடங்கிய உலகப் பொருள்நெருக்கடியில் தேயிலை விலை வீழ, பலர் வேலையிழந்து கடல் கடந்து தமிழகம் மீண்டனர். அத்தகையோர்க்கு, "இதுவும் திருவருளே" என்றல் தகுமோ? ஆசிரியர்காள், சிந்திமின்.

திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்த காலத்துச் சிவபெருமான் அப்பரடிகளுக்கும் சம்பந்தப்பிள்ளையாருக்கும் அருளியது உபதேசமன்று; நாடோறும் ஒவ்வொரு காசு. அதுகொண்டு அவ்விருவரும் அடியார்க்கு அமுதூட்டினர். பிள்ளையாரது காசு வட்டங்கொடுத்தே மாறிற்று. அப்பரது காசு வட்டமின்றி மாறிற்று. அவர் மெய்வருந்தித் தொண்டு செய்தமையே அதற்குக் காரணம் என்பது பெரியபுராணத்தாற் பெறப்படும்.

ஆதலின், கூலி நின்றாலும் கையின் மாண்பு குன்றாது. வேலையிழந்தவன் கோயின்முற்றம் அலகிடும்போதும், அயல் லயத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும்போதும், வட்டமில்லாக் காசு அவன் கையிலுளது. எதிர்பாராது கிட்டிய அருள் அதுவேயாம். ஆயின், அதனைக் கண்டு சொல்லுதற்குரியவன் அவனே. உண்டு நிறைந்த நாம் அல்லேம். நமக்குரியது முதற்கண் ஊட்டுதல், பின்னரே பாடஞ்சொல்லுதல்.