சரிபார்த்தவர்

எந்தப் பொறியியல் வரைபடத்தை எடுத்தாலும் வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று வரிகள். எதிரே பெயரின் முதலெழுத்துகள், தேதி. எல்லாம் சேர்த்தும் ஒரு தீப்பெட்டி அளவுதான் வரும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே உள்ள மாடியறையில், ஞாயிற்றுக்கிழமை காலை, ஐந்தாறு பிள்ளைகளுக்கு சாலிட்வொர்க்ஸ் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் போலிடெக்னிக் மாணவர்கள். போன மாதம் இந்தக் கட்டத்தை நிரப்பும்போது ஒரு பையன் கேட்டான்: "அண்ணே, செக் பண்ணாமலே பேரைப் போட்டுட்டா யாருக்குத் தெரியப் போவுது?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். அவன் கேட்டது எனக்கு விளையாட்டுக் கேள்வி இல்லை.

முதலில் கொஞ்சம் பாடம். பல்கலைக்கழகத்தில் முதலாண்டில் எங்களைக் கணினிப் பக்கமே விடவில்லை. ஏ3 தாள், டி ஸ்கேல், 2எச் பென்சில். ஒரு மரக்கட்டையைக் காட்டி முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் வரை என்பார்கள். இந்த வித்தைக்கு அடிப்படை போட்டவர் காஸ்பார் மோஞ்சு என்ற பிரெஞ்சுக்காரர். 18ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டும் கணக்குக்காக அவர் உருவாக்கிய இந்த முறையைப் பிரெஞ்சு ராணுவம் பல ஆண்டுகள் ரகசியமாகவே வைத்திருந்தது. தட்டையான தாளில் ஒரு திடப்பொருளை, இன்னொருவர் வேறுவிதமாகப் புரிந்துகொள்ளவே முடியாதபடி எழுதிவிடலாம் என்பது அந்தக் காலத்தில் பீரங்கிக்குச் சமமான விஷயம்.

ஆனால் 'வேறுவிதமாகப் புரிந்துகொள்ள முடியாதபடி' என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தோற்றங்களைத் தாளில் எங்கே வைப்பது என்பதற்கு இரண்டு மரபுகள் இருக்கின்றன. பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோமோ அந்தப் பக்கத்துக் கண்ணாடியிலேயே வரைந்தால் அது மூன்றாம் கோண முறை. வலப்பக்கத் தோற்றம் வலப்பக்கமே வரும். பொருளுக்கு அந்தப் பக்கம் ஒரு சுவர் இருப்பதாக வைத்து, நிழல் விழுவதுபோல் அங்கே வரைந்தால் முதல் கோண முறை. அதில் வலப்பக்கத் தோற்றம் இடப்பக்கம் வரும். ஐரோப்பாவில் முதல் கோணம், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மூன்றாம் கோணம். இரண்டு பேருக்கும் வேலை செய்கிற நம் ஊரில் இரண்டும் புழங்குகிறது. எந்த முறை என்பதைச் சொல்ல, நுனி வெட்டிய கூம்பின் சின்னம் ஒன்றை அதே மூலைக் கட்டத்தில் அச்சடித்திருப்பார்கள். சின்னம் மாறினால் பொருள் மாறிவிடும்.

இரண்டாம் ஆண்டில் முப்பரிமாண மென்பொருள் வந்தது. அப்பாடா என்றிருந்தது. கோடு போட்டு அளவு கொடுத்தால் நீலக்கோடு கறுப்பாக மாறும். முழுமையாக வரையறுக்கப்பட்டது என்று பொருள். பிறகு இழுத்தால் திடப்பொருள். அதிலிருந்து தோற்றங்களை மென்பொருளே எடுத்துக் கொடுக்கும். தவறு நடக்க வழியே இல்லை என்று நினைத்தேன். அந்தக் கறுப்புக் கோட்டின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை சாமி நம்பிக்கை மாதிரிதான்.

நாலு வருடத்துக்கு முன்பு ஷா ஆலாமில் ஒரு சிறிய நிறுவனத்தில் இருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர் எல் வடிவ பிராக்கெட் ஒன்றை வரைந்தார். 10 மில்லிமீட்டர் இரும்புத் தகடு. ஒரு முகத்தில் நீளத்துளை, நடுவிலிருந்து ஒரு பக்கமாகத் தள்ளி. 24 வேண்டும். சரிபார்க்க என்னிடம் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. அளவுகளைப் பார்த்தேன், எடையைப் பார்த்தேன், துளைகளை எண்ணினேன். எல்லாம் சரி. பெயரைப் போட்டேன்.

தாளின் வார்ப்புரு வாடிக்கையாளர் கொடுத்தது. மூன்றாம் கோணச் சின்னம் அதில் அச்சாகவே இருந்தது. ஆனால் தாளின் உள் அமைப்பில் முதல் கோணம் தேர்வாகியிருந்தது. மென்பொருள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. சின்னம் அதற்கு வெறும் படம். சமஅளவுத் தோற்றம் ஒன்று ஓரத்தில் இருந்திருந்தால் யாருக்காவது உறைத்திருக்கும். இடமில்லை என்று எடுத்துவிட்டிருந்தோம்.

எடையும் அளவுகளும் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? 1768இல் காண்ட் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். இடது கையையும் வலது கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விரலின் நீளம், விரல்களுக்கு இடையேயான தூரம், கோணம் எல்லாவற்றையும் பட்டியலிட்டால் இரண்டுக்கும் ஒரே பட்டியல்தான் வரும். ஆனாலும் இடது கையுறை வலது கையில் ஏறாது. உள்ளே இருக்கிற அளவுகள் எதிலும் இல்லாத ஒரு வேறுபாடு அது. படித்தபோது, இதற்கெல்லாமா கட்டுரை எழுதுவார்கள் என்று தோன்றியது. என் பிராக்கெட்டும் அதன் கண்ணாடிப் பிம்பமும் அப்படித்தான். அளவு ஒன்று, எடை ஒன்று, துளை ஒன்று. அளவுகளை மட்டும் சரிபார்க்கிறவனால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

கண்டுபிடித்தவர் ஒருவர் இருந்தார். கிள்ளானில், மேரு பக்கம், பட்டறை வைத்திருக்கும் அங்கிள். ஐம்பதைத் தாண்டியவர். திங்கட்கிழமை போன் செய்தார்.

"தம்பி, இந்த நீட்ட ஓட்டை இந்தப் பக்கந்தானே வருது? போன தடவை செஞ்சது மறுபக்கமா இருந்த மாதிரி ஞாபகம்."

நான் வேறு வேலையில் இருந்தேன். "டிராயிங்ல இருக்கிறபடியே செய்ங்க அங்கிள். நான் செக் பண்ணிட்டேன்."

சின்னத்தை நம்பி, படித்தபடி, மிகச் சரியாக 24 தவறான பிராக்கெட்டுகளைச் செய்து அனுப்பினார்.

பொறியியல் ஒழுக்கம் பற்றிய வகுப்பில் கேன்சஸ் சிட்டி ஹயாட் ஹோட்டல் கதையைச் சொல்வார்கள். 1981 ஜூலை 17, தொங்கு நடைபாலங்கள் அறுந்து விழுந்து 114 பேர் செத்தார்கள். மூல வடிவத்தில் இரண்டு பாலங்களையும் கூரையிலிருந்து வரும் ஒரே கம்பி தாங்கியது. தயாரிப்பு வரைபடத்தில் அது இரண்டு கம்பிகளாக மாறியது. கீழ்ப்பாலம் மேல்பாலத்திலிருந்து தொங்கியது. மேல்பாலத்துத் திருகுமரைக்கு இரண்டு மடங்கு சுமை. ஒரு கயிற்றை இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவதற்கும், ஒருவர் காலை இன்னொருவர் பிடித்துத் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம். அந்த வரைபடத்தில் பொறியாளரின் முத்திரை இருந்தது. மாற்றத்துக்குத் தொலைபேசியில் அனுமதி கேட்டோம் என்றது தயாரித்த நிறுவனம். பொறியாளர் தரப்பு மறுத்தது. கடைசியில் இரண்டு பொறியாளர்கள் உரிமம் இழந்தார்கள். வகுப்பில் கம்பியைப் பற்றித்தான் கேள்வி வரும். எனக்கு இப்போது அந்தத் தொலைபேசி அழைப்புதான் ஞாபகம் வருகிறது.

நமக்குப் பக்கத்தில் உலு கிள்ளான் இருக்கிறது. 1993 டிசம்பர் 11 அன்று ஹைலண்ட் டவர்ஸின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். 2000இல் உயர்நீதிமன்றம் பொறுப்பைப் பங்கு பிரித்தது: மேம்பாட்டாளருக்கு 15 விழுக்காடு, கட்டடக் கலைஞராகச் செயல்பட்டவருக்கு 10, பொறியாளருக்கு 10 என்று நீண்டது பட்டியல். கட்டடக் கலைஞராகச் செயல்பட்டவர் உண்மையில் முழுத் தகுதி இல்லாத வரைவாளர் என்பதும் அதில் வெளிப்பட்டது. நகராண்மைக் கழகத்துக்கும் 15 விழுக்காடு விழுந்தது. 2006இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று விடுவித்தது. இழப்பீடு கொடுக்க விழுக்காடு தேவைதான். ஆனால் பெயர் போட்டவன் தனக்குள் அப்படிப் பிரித்துக்கொள்ள முடியுமா? என் விஷயத்தில் பிரித்துப் பார்த்தேன். வரைந்தவருக்குக் கொஞ்சம், வார்ப்புருவுக்குக் கொஞ்சம், மென்பொருளுக்குக் கொஞ்சம். கணக்கு ரொம்ப வசதியாக வந்தது. அந்த வசதிதான் சந்தேகத்தைக் கிளப்பியது.

'சரிபார்த்தேன்' என்றால் என்ன? நான் பார்த்தேன் என்று நடந்து முடிந்ததைச் சொல்வதா? அப்படியானால் நான் பொய் சொல்லவில்லை, பார்க்கத்தான் செய்தேன். ஆனால் அங்கிள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அது இனி நடக்கப்போவதைப் பற்றிய வாக்கு: நீ சந்தேகப்பட வேண்டாம், உன் பங்குச் சந்தேகத்தையும் சேர்த்து நானே பட்டுவிட்டேன். 30 வருடம் இரும்பைத் தொட்ட கையின் சந்தேகத்தை அவர் என் இரண்டு எழுத்துகளுக்காக ஒதுக்கி வைத்தார். நான் செய்த தப்பு பார்க்காமல் விட்டது என்று இப்போது நினைக்கவில்லை. சந்தேகம் தன் காலில் நடந்து என்னிடம் வந்தபோது அதை வாயை மூடச் சொன்னதுதான்.

பொருள் வந்து இறங்கிய அன்று மாலையே கோப்பைத் திறந்து பார்த்தேன். கண்டுபிடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மேலாளரிடம் சின்னம் மாறியதைச் சொன்னேன். "சந்தேகம் இருந்தா அவங்க கேட்டிருக்கணும்" என்றார். கேட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கிள் தன் செலவில் 24ஐயும் மறுபடி செய்து கொடுத்தார்.

அந்தப் பையன் கேட்ட வாரத்துக்கு அடுத்த சனிக்கிழமை மேருவுக்குப் போனேன். வேறு வேலைக்குப் போய்விட்டவனை அவருக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. தேத்தண்ணீர் வரவழைத்தார். நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கூம்புச் சின்னத்தைக்கூடப் படம் போட்டு விளக்கினேன். நடுவில் ஒரு கட்டத்தில், நான் பாவமன்னிப்பு கேட்கிறேனா இல்லை வகுப்பு எடுக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், இல்லை பரவாயில்லை தம்பி என்பார் என்று.

"அப்போ அந்தக் காசு?" என்றார்.

இரும்பு, எரிவாயு, இரண்டு பேருக்கு மூன்று நாள் சம்பளம். பழைய பில் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கூட்டிச் சொன்னார்: 1,900 வெள்ளி. மாதம் 300 வீதம் தருகிறேன் என்றேன். சரி என்று ஒரு நோட்டில் எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போடுவதற்கு முன் அவர் எழுதிய தொகையை இரண்டு தடவை படித்தேன்.