கேக்கின் மேல் ஒரு புவனம்

பிள்ளைத்தாச்சிக்கு ‘பேபி ஷவர்’ வைப்பது யாழ்ப்பாணத்தில் இப்போது நகரத்தோடு நின்றுவிடவில்லை. புத்தூர், நீர்வேலி, அச்சுவேலிப் பக்கங்களுக்கும் அது வந்துவிட்டது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகள் அனுப்பும் படங்களைக் காட்டித்தான் பெரும்பாலும் கேக்குக்கு ஓடர் கொடுக்கிறார்கள். அந்தப் படங்களில் ‘ட்ரொப்பிக்கல்’ அலங்காரத்துக்குத் தனி மவுசு. பச்சை ஓலை, செம்பரத்தைப் பூ, அன்னாசி, தென்னை, நீல அலை, ஓரத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் பூநாரை, உச்சியில் தூங்கும் குழந்தைப் பொம்மை. இதில் என்ன சமயக் கேள்வி இருக்கிறது என்று தோன்றலாம். கேள்வி இருக்கிறது, அது பழையதுந்தான். இன்னும் பிறக்காத ஓர் உயிருக்காகக் கொண்டாட நமக்கு என்ன உரிமை? உரிமை உண்டென்றால், அந்தக் கொண்டாட்டம் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கேக்கில் இருக்கவேண்டியவை ஓலையும் பூவும் பழமும் தண்ணீரும். எடுத்துவிட வேண்டியது உச்சியில் இருக்கும் குழந்தைப் பொம்மை.

யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில், பிராமணர் அல்லாதாரிடையே, பிள்ளைக்கான சடங்குகள் பெரும்பாலும் பிறந்த பிறகுதான் தொடங்கின. 31ஆம் நாள் துடக்குக் கழிவு, பிறகு சோறு தீத்தல், பல் முளைத்ததும் கொழுக்கட்டை கொட்டுதல் என்று ஒவ்வொரு படியிலும் ஆரவாரம் கூடிக்கொண்டே போகும். பிறப்புக்கு முன்னரோ ஓர் அடக்கம். பிள்ளைக்கென்று உடுப்பு வாங்கி வைப்பதில்லை, தொட்டில் கட்டுவதில்லை, நாவூறு படும் என்று மாதக்கணக்கைக்கூட வெளியே சொல்வதில்லை. பேற்றறையைச் சுற்றித் திரியும் கொத்திப் பேயைப் பற்றிய பயமும் இதோடு சேர்ந்ததுதான். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது நேர்மையாகாது. 1946இல் இலங்கையில் உயிரோடு பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் ஏறத்தாழ 140 பேர் ஒரு வயதைக் காணவில்லை. ஒரு இலட்சம் பிறப்புக்கு 1500க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்ட காலத்தில் நிலைமை இன்னும் மோசம். அப்படிப்பட்ட ஊரில் வாய்திறவாமல் இருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த உண்மைக்கு ஏற்ப நடந்தார்கள். வருவது நம் கையில் இல்லை என்பதுதான் அந்த உண்மை. இன்றைக்குச் சிசு மரணம் ஆயிரத்துக்குப் பத்துக்கும் குறைந்துவிட்டது. பயத்துக்கான காரணம் பெருமளவு போய்விட்டது. ஆனால், வருவது நம் கையில் இல்லை என்பது மாறவில்லை. பேபி ஷவர் வைப்பவர்கள் பயத்தை விடலாம், அடக்கத்தை விடக்கூடாது என்பது என் எண்ணம். இரண்டும் நீண்டகாலம் ஒன்றாகவே இருந்ததால் ஒன்றைத் தூக்கி எறியும்போது மற்றதும் கூடவே போய்விடுகிறது.

பிறப்புக்கு முன் கொண்டாடுவதே மேல்நாட்டு வழக்கம் என்றும் சொல்ல முடியாது. சீமந்தம் மிகப் பழைய சடங்கு. ஆசுவலாயனரும் பாரஸ்கரரும் தொகுத்த கிருஹ்ய சூத்திரங்களில் அதன் விவரம் இருக்கிறது. கணவன் மனைவிக்குப் பின்னால் நின்று, மூன்று வெள்ளைப் புள்ளியுள்ள முள்ளம்பன்றி முள்ளாலும் தர்ப்பைக் கட்டாலும் பழுக்காத காய்க்கொத்தாலும் அவள் தலைமயிரை முன்னிருந்து பின்னாக வகிர்ந்துவிடுகிறான். அந்தக் காய் அத்திக்காய் என்றே சில நூல்கள் சொல்கின்றன. பிறகு வீணை வாசிப்போர் இருவரைப் பாடச் சொல்கிறார்கள். அவர்கள் சோம அரசனைப் பாடுகிறார்கள்; தாங்கள் எந்த ஆற்றங்கரையில் குடியிருக்கிறார்களோ அந்த ஆற்றின் பெயரையும் சேர்த்துப் பாடுகிறார்கள். இந்தச் சடங்கில் என்னை மிகவும் கவர்வது இந்த இடந்தான். எங்கும் ஒரே மாதிரி நடக்கவேண்டிய வைதிகச் சடங்கு, ஒரு கட்டத்தில் நின்று, உன் ஊர்த் தண்ணீரின் பெயரைச் சொல் என்கிறது. கங்கைக் கரையில் இருப்பவன் கங்கையைச் சொல்வான், காவிரிக் கரையில் இருப்பவன் காவிரியைச் சொல்வான். சடங்கு முழுவதிலும் பிள்ளையின் உருவம் எதுவும் இல்லை என்பதையும் பார்க்கவேண்டும். தாய் இருக்கிறாள், காய் இருக்கிறது, ஆறு இருக்கிறது. காயும் பழுக்காத காய். முடிந்துபோனதாக எதையும் காட்டாமல், நடந்துகொண்டிருப்பதை மட்டும் காட்டுகிறது.

இதற்குச் சைவ சித்தாந்தத்தில் இன்னும் அழுத்தமான ஆதாரம் உண்டு. பதி, பசு, பாசம் மூன்றும் தொடக்கமில்லாதவை என்பது அந்த நெறியின் அடிப்படை. உயிரைப் பெற்றோர் ஆக்குவதில்லை. இறைவனும் ஆக்குவதில்லை. ஏற்கெனவே உள்ள உயிருக்கு அதன் வினைக்கு ஏற்ப இறைவன் தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கைக் கொடுக்கிறான் என்று பள்ளிக்கூடச் சைவசமயப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். உடம்பு, மனம் முதலிய கருவிகள், வாழும் உலகம், நுகரும் பொருள் என்ற இந்த நான்கில் உடம்பும் கருவிகளும் வயிற்றுக்குள் உருவாகின்றன. அதில் நம் கை படுவதில்லை. புவனமோ வெளியே, நம்மைச் சுற்றி, நாங்கள் தினமும் ஆக்கியும் அழித்தும் வைத்திருப்பது. வரப்போகும் உயிரை வரவேற்க எங்களிடம் காட்டுவதற்கு உள்ளது அது ஒன்றுதான். நீ வரப்போகும் இடம் இது, இங்கே இன்ன மரம் காய்க்கும், இன்ன பூ பூக்கும், தண்ணீர் இங்கிருந்து வரும் என்று சொல்வதில் பொய் இல்லை, உரிமை மீறலும் இல்லை. குழந்தைப் பொம்மையை வைப்பது அப்படியல்ல. அது தனுவை நாம் முந்திக்கொண்டு செய்வது. அதனால்தான் அழகுக்காக யாரோ தொடங்கிய மரமும் பூவும் சேர்ந்த இந்த அலங்காரம், தொட்டிலும் சூப்பியும் பொம்மையும் வைத்த கேக்கைவிடச் சித்தாந்தத்துக்கு நெருக்கமாக இருக்கிறது என்கிறேன்.

பொம்மையில் என்ன கெடுதல், ஆசைக்குத்தானே வைக்கிறார்கள் என்று கேட்பார்கள். ஆசைக்கு நான் எதிரி அல்லன். ஆனால் பொம்மை தனியே வருவதில்லை. அதன் உடுப்பு நீலமா ரோசாவா என்ற கேள்வி கூடவே வருகிறது. பிறகு கேக்கை வெட்டினால் உள்ளே தெரியும் நிறத்தைக்கொண்டு ஆணா பெண்ணா என்று அறிவிப்பது வருகிறது. எங்கள் சமூகத்தில் அந்தக் கேள்வி விளையாட்டு அல்ல. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தது. கருவிலுள்ள பிள்ளை ஆணா பெண்ணா என்று வெளியிடுவதை இந்தியா 1994இல் சட்டம் போட்டே தடுத்தது. இலங்கையில் நிலைமை அந்த அளவுக்குப் போனதில்லை என்றாலும், ‘இதுவும் பெட்டையோ’ என்று கேட்கும் வாய்கள் எந்த ஊரிலும் உண்டு. அப்படிக் கேட்பவர்கள் கூடிய சபை நடுவே, கேக்கின் நிறத்தைப் பார்த்து ஒரு தாயின் முகம் மாறவேண்டிய நிலை எதற்கு? மாவிலைக்கும் வாழைக்கும் ஆண் பெண் கணக்கு இல்லை.

கேக்கே நம்முடையது அல்லவே என்பது இன்னொரு மறுப்பு. இதை நான் பெரிதாக எடுக்கவில்லை. சாமத்திய வீட்டிலும் கலியாண வீட்டிலும் பிறந்தநாளிலும் கேக் வெட்டி எத்தனையோ காலமாகிறது. ரவையும் பட்டரும் கஜுவும் சேர்ந்த கேக் யாழ்ப்பாணத்து வீட்டுப் பலகாரங்களில் ஒன்றாகிவிட்டது. முட்டை வேண்டாம் என்ற வீட்டுக்கு முட்டையில்லாமல் செய்து கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். மெழுகுதிரியை ஊதி அணைப்பது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. குத்துவிளக்கை ஏற்றி நிறைகுடம் வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு சுடரை ஊதி நூர்க்கத் தேவையில்லை. கேக்கில் திரி குத்தாமல் விட்டாலே போதும். வெளியிலிருந்து வந்த பொருளைச் சடங்கு ஏற்பதில் பிழை இல்லை. அந்தப் பொருள் சடங்கின் பொருளை மாற்றுகிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அலங்காரம் கண்ணுக்கு அழகு, அதில் தத்துவம் தேடுவது வீண் என்பது அது. அலங்காரம் வெறும் அழகு என்ற கருத்து எங்கள் வழக்கத்துக்குப் பொருந்தாது. வாசலில் கட்டும் குலைவாழை உண்மையான வாழை, குலையோடு வெட்டி வந்தது. தோரணம் உண்மையான குருத்தோலை. ஒவ்வொன்றும் காய்த்தலையும் தழைத்தலையும் வேண்டி நிற்கும் பொருள், அதனால்தான் நல்ல காரியத்துக்கும் கெட்ட காரியத்துக்கும் தோரணம் மடிக்கும் விதமே வேறாக இருக்கிறது. அந்த ஒழுங்கு தெரிந்தவர்கள் கேக்குக்கு வந்ததும் படத்தில் உள்ளதை அப்படியே கேட்பதுதான் எனக்கு வருத்தம். படத்தில் உள்ளது குளிர் நாட்டவர் விடுமுறைக்குப் போகும் ஏதோவொரு கடற்கரை. அது யாருக்கும் ஊர் அல்ல. வடக்கு அகலக்கோடு ஏறத்தாழ 9.7 பாகையில் இருக்கும் புத்தூருக்கு வெப்பவலயத்தைத் தருவிக்கத் தேவையில்லை. செம்மண் தோட்டத்தில் கதலியும் இதரையும் நிற்கின்றன. அடுத்த ஊரான நீர்வேலி வாழைக்குலைக்கே பெயர்போனது. வேலியில் பூவரசும் செம்பரத்தையும் உண்டு. பருவத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வரும். பனையும் வடலியும் சொல்லவேண்டியதில்லை. பூநாரை வேண்டுமென்றால் அதுவும் அந்நியம் அல்ல, மன்னார் வங்காலையிலும் சுண்டிக்குளத்திலும் வந்து இறங்குகிற பறவைதான். நீல அலைக்குப் பதிலாக நிலாவரைக் கிணற்றை வைக்கலாம். தீபகற்பத்தில் ஆறென்று சொல்ல மாரியில் ஓடும் வழுக்கையாறுதான் உண்டு. புத்தூர்க்காரர் பாடவேண்டிய தண்ணீரின் பெயர் நிலாவரை. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக, சுண்ணக்கல்லுக்குள் கிடக்கும் அந்தக் கிணறு கேக்கின் நடுவே ஒரு சதுர நீல ஐசிங்காக இருந்தால், சூத்திரம் கேட்டது நிறைவேறிவிடும்.

ஊரை அறிந்து அலங்கரிப்பதில் இன்னொரு நன்மை, அது தாயையும் அறியும். படத்துக் கேக்கின் தலையாய பழம் அன்னாசி, பக்கத்தில் பப்பாப்பழத் துண்டு. எங்கள் வீடுகளில் பிள்ளைத்தாச்சிக்கு விலக்குகிற பழங்கள் இந்த இரண்டுந்தான். பழுத்ததை அளவோடு உண்பதால் தீங்கு என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பச்சைப் பப்பாக்காயின் பாலைத் தவிர்ப்பது நல்லது என்பதில் நியாயம் உண்டு. ஆனால் எட்டு மாதம் அந்தப் பழத்தைத் தொடாதே என்று தடுத்துவிட்டு, அவளுக்கென்று வைத்த கேக்கில் அதையே நிறைப்பது அவளை மறந்த வேலை. பூவிலும் கவனம் வேண்டும். ஈழத்தலரியின் பால் தோலை அரிக்கும். மஞ்சள் அலரியோ உயிரையே வாங்கும் நஞ்சு, அது யாழ்ப்பாணத்தில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவை பார்க்க எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் கேக்கைத் தொடக்கூடாது. செம்பரத்தை தீங்கற்றது. பட்டர் ஐசிங் சித்திரை வெயிலில் இளகி வழியும் என்பதால், ஐசிங்கால் பெரிய மரம் எழுப்புவதைவிடக் கழுவித் துடைத்த வாழைக்குருத்தை அடியில் விரித்து மேலே பழம் அடுக்குவது நிலைத்து நிற்கும். அதிலே வாழைக்குருத்தைத் தவிர எல்லாம் தின்னலாம்.

கடைசியாக ஒன்று. ஆலத்தி எடுக்கவும் வளையல் போடவும் சுமங்கலிகளைத்தான் அழைப்பது வழக்கம். போருக்குப் பிறகு கணவனை இழந்த பெண்கள் இவ்வளவு பேர் இருக்கும் வடக்கில், பிள்ளை தங்காத பெண்களும் ஒதுங்கி நிற்கும் சபையில், இந்த வழக்கத்தை மாற்றாமல் சமயம் பேசுவது எனக்குக் கூசுகிறது. கேக்குக்கு அந்தத் தடை இன்னும் வரவில்லை. யார் கையாலும் ஊட்டலாம், யாரும் உண்ணலாம். முதல் துண்டைத் தாய்க்கு ஊட்டக் கூப்பிடவேண்டியது அப்படி ஒதுங்கி நிற்கிறவளைத்தான். கேக்கில் பெயர் எழுதவேண்டும் என்றால், இன்னும் வைக்காத பிள்ளைப் பெயரையும் ‘குட்டி இளவரசன்’ என்பதையும் விட்டுவிட்டுத் தாயின் பெயரை எழுதச் சொல்லுங்கள். சூத்திரகாரர் வகிர்ந்துவிடச் சொன்னதும் அவள் தலையைத்தான்.