உன் விரலில் பிழையில்லை, தம்பி!

தம்பி, முதலில் நிமிர்ந்து நில். தங்கச்சி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வருடக்கணக்காக எலெக்ட்ரிக் கிற்றார் வாசித்த கை உன் கை. வெள்ளவத்தை மாடிக்குடியிருப்பில் அம்ப்பைக் கொஞ்சம் கூட்டினால் பக்கத்து வீட்டு அன்ரி கதவைத் தட்டுவார் என்று, ஹெட்போனுக்குள்ளேயே உன் இசையைப் பூட்டி வைத்திருந்தாய். கரண்ட் போனாலும் வாசிக்கவும் நாலு பேர் கூடிய இடத்தில் சட்டென்று எடுத்து மீட்டவும் ஓர் அக்கூஸ்டிக் வாங்குவோம் என்று நுகேகொடைக்குப் போனாய். கடைக்காரர் சுவரிலிருந்து இறக்கித் தந்த பெரிய கிற்றாரில் எஃப் கோர்ட்டைப் பிடித்தாய். இரண்டு தந்தி ஊமையாயிற்று, சுட்டுவிரல் நொந்தது, பக்கத்தில் நின்ற பொடியன் சிரித்தது மாதிரியும் இருந்தது. "எனக்கு இது சரிவராது" என்று வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாய்.

சரிவராது என்று யார் தீர்ப்புச் சொன்னது? நீயேதானே? அதுவும் மறுபக்க வாதத்தைக் கேட்காமலே!

நான் கணக்கைச் சொல்கிறேன், கேள். உன் எலெக்ட்ரிக்கில் கிடப்பது பெரும்பாலும் 9–42 தந்தி செட். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 9 பங்குதான் முதல் தந்தியின் தடிப்பு. கடை அக்கூஸ்டிக்கில் வழக்கமாக இருப்பது 12–53. உன் ஆறு தந்தியும் சேர்ந்து இழுக்கும் இழுவை 38 கிலோ அளவு. அங்கே அது 74 கிலோவை நெருங்கும். ஏறத்தாழ இரண்டு மடங்கு! நீ வளைத்து வளைத்து அழவைக்கும் மூன்றாம் தந்தி உன்னிடம் வெறுங்கம்பி. அங்கே அது சுற்றுக்கம்பி, இலேசில் வளையாது. 12ஆம் ஃப்ரெட்டில் உன் தந்தி ஒன்றரை மில்லிமீற்றர் உயரத்தில் படுத்துக் கிடக்கும். யாரும் கவனிக்காமல் சுவரில் தொங்கிய மலிவு அக்கூஸ்டிக்கில் அது மூன்றரை, நான்கு என்று எழும்பி நிற்கும். இவ்வளவையும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு உன் விரலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினாயே, நியாயமா?

சரி, பெரிய கிற்றார்தான் உண்மையான கிற்றார் என்று உனக்குள் ஒரு எண்ணம் இருக்கிறதே, அதையும் இன்றைக்கே உதறு. அந்தப் பெரிய உடலுக்கு டிரெட்நோட் என்று பெயர். அமெரிக்காவின் மார்ட்டின் கம்பனி 1916இல் டிட்சன் என்ற இசைக் கடைக்காக அதைச் செய்தது. பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். போர்க்கப்பலை மடியில் ஏற்றிவிட்டுத் தோள் நோகிறது என்று கவலைப்பட்டால் எப்படி? உன் ஸ்ட்ராற்றின் உடல் 45 மில்லிமீற்றர் தடிப்பு. யமஹா எஃப்ஜி800 போன்ற டிரெட்நோட்டின் அடிப்பக்கம் 118 மில்லிமீற்றர். உன் வலக்கை அதன் மேலால் ஏறி இறங்கவே பாதிப் பலம் போய்விடும். அதே யமஹாவில் எஃப்எஸ்800 என்று சின்ன உடல் ஒன்று இருக்கிறது. நட்டிலிருந்து சடில் வரை தந்தி ஓடும் நீளம் எஃப்ஜியில் 650 மில்லிமீற்றர், எஃப்எஸ்ஸில் 634. லெஸ் போலில் வளர்ந்த கைக்கு 628 பழக்கம். ஆக, எது உன் கைக்குச் சொந்தக்காரன் என்று இனி நான் சொல்லவா வேண்டும்?

சின்னதை எடுத்தால் சின்னவன் என்று நினைப்பார்களோ? எரிக் கிளப்ரனைப் பார்! எலெக்ட்ரிக்கில் உலகையே ஆட்டியவர். 1992 ஜனவரியில் 'அன்பிளக்ட்' நிகழ்ச்சிக்கு வந்து உட்கார்ந்தபோது அவர் மடியில் இருந்தது 1939ஆம் ஆண்டு மார்ட்டின் 000-42. டிரெட்நோட்டைவிட ஒடுங்கிய உடல், குட்டையான தந்தி நீளம். 1970இல் எலெக்ட்ரிக்கில் கொந்தளித்த 'லைலா'வை அதிலே நிதானமாக, வேறொரு பாட்டாகவே மாற்றி வாசித்தார். அடுத்த வருடம் ஆறு கிராமி விருதுகள். 2004 ஏலத்தில் அந்த வாத்தியம் 791,500 டொலருக்குப் போனது. அந்த விலையை ஏற்றியது மரமா, அதைத் தொட்ட கையா?

இன்னொருவர் ஜோன் மக்லாக்லின். மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ராவில் காது கிழிய எலெக்ட்ரிக் வாசித்தவர், எழுபதுகளின் நடுவில் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு சக்தி குழுவோடு தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார். ஒரு பக்கம் எல். சங்கரின் வயலின், மறுபக்கம் சாகிர் ஹுசைனின் தபேலா, விக்கு விநாயக்ராமின் கடம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே கமகம் பிடிக்க அக்கூஸ்டிக் இடங்கொடுக்கவில்லை. அவர் என்ன செய்தார்? "என் விரல் போதாது" என்று எழும்பிப் போனாரா? ஃப்ரெட்டுகளுக்கு இடையே பலகையைக் குடைந்தெடுத்த கிற்றாரைத் தனக்கென்று செய்வித்தார். கைக்கு ஏற்றபடி வாத்தியத்தை மாற்றுவது பலவீனம் இல்லை, தம்பி. வாத்தியக்காரனின் உரிமை அது!

நம்மவர்களும் குறைந்தவர்கள் இல்லை. அறுபதுகளில் கிளரன்ஸ் விஜேவர்தன மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு சிங்களப் பாட்டுக்குள் எலெக்ட்ரிக் கிற்றாரைக் கொண்டுவந்தார். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் கிற்றாரும் கையுமாகத் தமிழில் பொப் பாடினார். 'சின்ன மாமியே' இன்றைக்கும் நம் கலியாண வீடுகளில் ஒலிக்கிறது. அதைக் கேட்டு ஆடுகிற எவரும் கிற்றார் என்ன பிராண்ட் என்று விசாரித்ததை நான் கண்டதில்லை.

ஆகவே மறுபடி போ. இருப்பது கொட்டாஞ்சேனை என்றால் புறக்கோட்டைக்கு வந்து 138 பஸ்ஸைப் பிடி. பையில் ஒரு சின்ன அடிமட்டம், ஒரு கேப்போ. உன் சிங்களம் அரைகுறையா? இருக்கட்டும். அரைகுறைச் சிங்களத்திலேயே கேள். "சின்ன உடல் காட்டுங்கள், ஐந்தாறு எடுத்துத் தாருங்கள்." வாங்க வந்தவனுக்குக் கேட்க உரிமை உண்டு. வெட்கத்துக்கு நீ வாடகை கட்டத் தேவையில்லை!

முதலில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பார். தோள் தானாக மேலே எழும்பினால் திருப்பிக் கொடு. விரலுக்கு மெத்தென்று இருக்கும் என்று நைலோன் தந்திக் கிளாசிக்கலை நீட்டுவார்கள். அதன் கழுத்து நட்டிலே 52 மில்லிமீற்றர் அகலம், நீ பழகியது 42. வேண்டாம் என்று சொல். 43 உள்ள ஸ்டீல் தந்திக் கிற்றாரே உன் கைக்கு அடங்கும். கழுத்துக்குள் ட்ரஸ் ரொட் இல்லாத ஒன்றை இலவசமாகத் தந்தாலும் தொடாதே.

பிறகு அடிமட்டத்தை எடு. 12ஆம் ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து ஆறாம் தந்தியின் அடிவரை அள. இரண்டரை மில்லிமீற்றர், முதல் தந்திக்கு இரண்டு. இந்த அளவு இருந்தால் அருமை. மூன்றைத் தாண்டினால் உடனே கைவிடாதே, குனிந்து சடிலைப் பார். பிரிட்ஜுக்கு மேலே வெள்ளைச் சடில் நன்றாக நீட்டிக்கொண்டு நிற்கிறதா? அப்படியென்றால் வழி இருக்கிறது. அதைக் கழற்றி, அடிப்பக்கத்தை மட்டமான மேசையில் ஒட்டிய சாண்ட் பேப்பரில் தேய்த்தால், ஒரு மில்லிமீற்றர் குறைய 12ஆம் ஃப்ரெட்டில் அரை மில்லிமீற்றர் இறங்கும். சடில் ஏற்கெனவே பிரிட்ஜோடு பதிந்து கிடந்தும் தந்தி உயரமாக இருக்கிறதா? கழுத்தின் கோணமே பிழை. எழும்பி வா. அடுத்து முதல் ஃப்ரெட்டில் கேப்போவைப் போட்டு வாசி. திடீரென்று வெண்ணெயாகிவிட்டால், உன்னை அன்று அழவைத்தது நட்டின் பள்ளம் ஆழமில்லாததுதான். தெரிந்த கை ஒன்று அரத்தால் அதைச் சரிசெய்துவிடும். ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி இரைச்சல் வருகிறதா என்றும் கேள், அவசரப்படுத்த விடாதே.

தந்தியை 12இலிருந்து 11க்கோ 10க்கோ இறக்கு. சத்தம் கொஞ்சம் மெலியும், உண்மைதான். ஆனால் தினமும் கையில் இருக்கும் மெல்லிய சத்தம், மூலையில் தூசி பிடிக்கும் முழங்கும் சத்தத்தைவிட ஆயிரம் மடங்கு பெரிது!

காசு? 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் அந்த மே மாதமே 360ஐத் தொட்டது. வெளிநாட்டு வாத்தியங்களின் விலையை அது எங்கே கொண்டுபோய் வைத்தது என்று நீ கடையிலே பார்த்திருப்பாய். அதனால்தான் சொல்கிறேன்: பிக்கப்பும் பற்றரியும் வைத்த மொடலுக்கு இப்போது கூடக் கொடுக்காதே. உன்னிடம் அம்ப் இருக்கிறது. மேடை வரும்போது துளையில் மாட்டும் பிக்கப் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காசு கழுத்துக்கும் செட்டப்புக்கும் போகட்டும். இரண்டாங்கை வாங்கவும் கூசாதே. மேலே சொன்ன சோதனைகள் அதற்கும் பொருந்தும். பிரிட்ஜுக்குப் பின்னே பலகை வயிறு தள்ளியிருக்கிறதா என்று மட்டும் கூடுதலாகப் பார்.

கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிற்றார் மரம் விரும்பும் ஈரப்பதம் 45 முதல் 55 வீதம். கொழும்புக் காற்று சாதாரணமாகவே அதைத் தாண்டும். முழுப்பலகை முகப்பு ஈரத்தை உறிஞ்சி வீங்கும், தந்தி தானாக உயரும். ப்ளைவுட் முகப்பு இந்த விஷயத்தில் தாக்குப்பிடிக்கும். எனவே வசதிக்கேற்ப ப்ளைவுட்டை எடுத்தாலும் தலைகுனிய ஒன்றுமில்லை. உறைக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வை, வாசித்த பிறகு தந்தியைத் துடை. உப்புக்காற்று ஒரு செட்டைக் கெதியில் தின்றுவிடும்.

பிடித்தது கிடைத்ததும் பேரம் பேசு. பத்து வீதம் குறைக்கச் சொல்லிக் கெஞ்சாதே. "சடிலைத் தேய்த்து 11 செட் போட்டுத் தாருங்கள், அடுத்த நிமிடம் காசு தருகிறேன்" என்று நேரே சொல். செய்து தந்தால் அங்கேயே உட்கார்ந்து அதே எஃப் கோர்ட்டைப் பிடி, அந்தப் பொடியன் நின்றாலும் நிற்கட்டும். முடியாது என்றால் கிற்றாரைப் பத்திரமாகக் கையில் கொடுத்துவிட்டு, அடிமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த கடைக்கு நட.