பள்ளம் விழுந்த ஆசனம்

என் அண்ணா விட்டுச் சென்றவற்றில் ஒன்று ஒரு மோட்டார் சைக்கிள். சென்னையைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி 2016-ல் மலைப் பாதைகளுக்கென்றே வெளியிட்ட வண்டி, பெயர் 'ஹிமாலயன்'. கல்லையும் குழியையும் கண்டு தயங்காமல் ஏற வேண்டும் என்று முன்சக்கரத்துக்கு 21 அங்குலம் கொடுத்திருந்தார்கள். பின்சக்கரம் 17 அங்குலம். கடலோர ஊரில் பிறந்த வண்டிக்கு இமயத்தின் பெயர்! அண்ணா அந்தப் பெயரை மெய்யாக்கினார். லடாக் வரையில் அதில் போய் வந்தார்.

2022-ல் அவர் காலமான பிறகு வண்டி எங்கள் மயிலாப்பூர் வீட்டு முன்கட்டில் நின்றது. சாந்தோம் பக்கத்திலிருந்து வரும் உப்புக் காற்று அதைத் தின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் சக்கரங்கள் பாதி முழுகி நின்றன. நான் தினமும் அதைத் துடைத்தேன். துடைப்பது பராமரிப்பது ஆகாது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

சென்ற மாதம் அண்ணாவின் பெண் வந்தாள். "சித்தப்பா, வண்டியை நான் ஓட்டப் போறேன். சீட்டையும் சக்கரத்தையும் சரி பண்ணிக் கொடுங்கோ" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. அந்த ஆசனத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அண்ணா வருஷக்கணக்கில் உட்கார்ந்து உண்டாக்கிய பள்ளம். அவருடைய புகைப்படங்களில் இல்லாத ஏதோ ஒன்று அதில் இருப்பதாக நான் நம்பினேன். "எண்ணெய் போட்டால் ஓடும், எதையும் மாற்ற வேண்டாம்" என்று சொல்லித்தான் வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன்.

அவர் முதலில் டயரைப் பார்த்தார். பட்டைகள் தேயாமல் இருந்தன. நான் பெருமையோடு சுட்டிக் காட்டினேன். அவர் பக்கவாட்டில் இருந்த நாலு இலக்கங்களைக் காட்டினார்: 3518. "முன்னாலே இருக்கிறது வாரம், பின்னாலே இருக்கிறது வருஷம், ஸார். 2018-லே 35-வது வாரம் செஞ்சது. தேயல்லே, ஆனா வயசாயிடுச்சு." விரலால் அழுத்தினார், ரப்பர் இறுகி, தலைமயிர் போன்ற வெடிப்புகள் தெரிந்தன.

பிறகு ஸ்பானரால் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். சில கம்பிகள் தம்புராவைப் போல் ஒலித்தன. பல, மண்பானையைப் போல் 'டொக்' என்றன. கம்பிகள் சக்கரத்தைத் தூண்களைப் போல் தாங்குகின்றன என்று நான் எண்ணியிருந்தேன். அப்படியல்ல. நாலா புறமும் விறைப்பாக இழுத்துப் பிடித்திருப்பதனால்தான் ரிம் வட்டமாக நிற்கிறது. ஒன்று தளர்ந்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளின்மேல் விழுகிறது. அவையும் முறை போட்டுக்கொண்டு ஒடிகின்றன. முடுக்கிக் கோட்டம் எடுக்கலாம் என்றால், துருப்பிடித்த மரைகள் திரும்ப மறுத்தன. "நடுவிலே இருக்கிற ஹப் நல்லா இருக்கு. அதை வச்சுக்கிட்டு ரிம், கம்பி, டயர், ட்யூப் எல்லாம் புதுசு போட்டுடணும்" என்றார்.

அப்படியானால் அண்ணாவின் வண்டி எங்கே?

பழைய கேள்விதான். தீசியஸ் என்ற வீரனின் கப்பலில் உளுத்த பலகைகளை ஏதென்ஸ் நகரத்தார் ஒவ்வொன்றாக மாற்றினார்கள். அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் சண்டையிட்டார்கள் என்று புளூடார்க் எழுதுகிறார். மயிலாப்பூர்க்காரனுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். கடற்கரையில் இருந்த பழைய கபாலீசுவரர் கோயில் போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தது என்றும், இன்றைய கோயில் பிற்பாடு எழுந்தது என்றும் சொல்கிறார்கள். நாம் எல்லோரும் அதே கபாலியைத்தான் கும்பிடுகிறோம்.

ஆனால் இந்த வாதத்தால் என் மனம் சமாதானமாகவில்லை. யோசிக்க யோசிக்க, நான் கேட்ட கேள்வியே தவறென்று பட்டது. இது அதே வண்டியா என்பதல்ல விஷயம். என் பாசத்துக்கு யார் விலை கொடுப்பது என்பதுதான். கண்ணாடிப் பெட்டியில் வைப்பதானால் துருவையும் பூஜிக்கலாம். நஷ்டம் எனக்கு மட்டும். ஓட்டப் போகிறவளோ அந்தப் பெண். ஒடியக் காத்திருக்கும் கம்பிகளின்மேல் அவளை ஏற்றிவிட்டு, 'அண்ணாவின் ஞாபகம்' என்று நான் உருகினால், அந்த உருக்கத்துக்குப் பெயர் பாசமா, சுயநலமா? போனவரிடம் வைக்கும் அன்புக்கு இருப்பவரின் எலும்பைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

சக்கரங்களுக்கு ஒப்புக்கொண்டேன். ஆசனத்தையாவது விட்டுவிடச் சொன்னேன். அதனால் யாருக்கு என்ன ஆபத்து?

அவள் அதில் ஏறி உட்கார்ந்து காட்டினாள். தரையிலிருந்து 800 மில்லிமீட்டர் உயரம். அண்ணா நெடியவர், அவளுக்கோ நுனிக்கால்தான் மண்ணில் பட்டது. "இந்தப் பள்ளம் அப்பாவுக்கு, சித்தப்பா. எனக்குக் கால் எட்டணும்" என்றாள்.

ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் கொடுத்தோம். ரெக்ஸினை உரித்து, அமுங்கிப் போன ஃபோமை எடுத்துவிட்டு, அதே அடித்தட்டின்மேல் புது ஃபோம் வைத்து, தொடைப் பக்கங்களைச் செதுக்கிக் குறுக்கினார்கள். இப்போது அவளுடைய இரண்டு பாதங்களும் தரையில் பதிகின்றன.

பழைய ஃபோமைக் கேட்டு வாங்கிக்கொள்ள நினைத்தேன். கடைக்காரர் கையில் அதைப் பார்த்தபோது வெறும் மஞ்சள் தூளாக உதிர்ந்துகொண்டிருந்தது, விட்டுவிட்டேன். அந்தப் பள்ளம் போய்விட்டது. அது நஷ்டம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன், நஷ்டந்தான். எந்த நஷ்டமும் இல்லாமல் கடமையைச் செய்துவிடலாம் என்று எண்ணியதுதான் என் தவறு.

நேற்றுக் காலை கச்சேரி ரோடு திருப்பத்தில் அவள் போவதைப் பார்த்தேன். அண்ணாவைப் போலவே சற்று இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.